ஒளி வந்த வழி – 17: திரும்பி வந்தாலும் அவிழாத முறுக்கு

சென்ற வாரம் பாரிஸில் இருந்தோம். 1808-இல் எத்தியேன் மாலுஸ் ஜன்னலோரம் நின்று, எதிரே லக்சம்பர்க் அரண்மனையின் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்த அந்தி வெயிலை ஐஸ்லாந்துப் படிகத் துண்டு ஒன்றின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, தெரிந்த இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது, மற்றது ஒளிர்ந்தது. இந்த வாரம் கால்வாயைக் கடந்து லண்டனுக்குப் போகிறோம். ஆண்டு 1845. ஆல்பெமார்ல் தெருவில் 21-ஆம் எண் கட்டடமான ராயல் இன்ஸ்டிடியூஷனின் அடித்தளம்.

அதற்குமுன் பழைய பாடத்தை ஒரு தடவை புரட்டிவிடலாம். ஒளி ஓர் அலை. தான் போகும் திசைக்குக் குறுக்காக அசையும் அலை. சாதாரண விளக்கொளியில் அந்தக் குறுக்கசைவு எல்லாப் பக்கமும் இருக்கும். ஒரே தளத்தில் மட்டும் அசையும்படி அதை வடிகட்டிவிட்டால் அது தளவிளைவுற்ற ஒளி. கோயில் உண்டியலின் நீளத் துளையை நினைத்துக்கொள்ளுங்கள். காசு துளையின் வாட்டத்துக்கு நின்றால் உள்ளே போகும், குறுக்கே நின்றால் போகாது. மாலுஸின் படிகமும் அவருக்குப் பிறகு 1828-இல் வில்லியம் நிகோல் செய்த பட்டகமும் இப்படிப்பட்ட உண்டியல் துளைகள்தான். முதல் துளை ஒளியின் தளத்தை நிர்ணயிக்கும். அதற்குக் குறுக்கே வைத்த இரண்டாவது துளை ஒளியை முழுக்க நிறுத்திவிடும்.

1811-இல் அராகோ குவார்ட்ஸ் படிகத்திலும், 1815 வாக்கில் பியோ டர்பன்டைன் போன்ற திரவங்களிலும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஒளி அவற்றுக்குள் போகப் போக அதன் தளம் தானாகவே திரும்பிக்கொண்டது. சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான் செய்யும். இன்றும் சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் கரும்புச் சாற்றை நீளக் குழாயில் ஊற்றி, ஒளித்தளம் எத்தனை பாகை திரும்புகிறது என்று பார்த்துத்தான் ‘போல்’ கணக்கு எழுதுகிறார்கள். இந்தச் சர்க்கரையை ஒரு ஓரமாக வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இனி ஆளைப் பார்ப்போம். மைக்கேல் ஃபாரடேக்கு அப்போது 53 வயது. கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவன், ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளைத் தானே அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பி வேலை வாங்கிக்கொண்டவன் என்ற கதையெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அதிகம் சொல்லப்படாத பகுதி வேறு. 1830-களின் கடைசியில் அவர் உடைந்துபோனார். தலைச்சுற்றல், மறதி. நாலைந்து வருடம் பெரிதாக எந்த ஆய்வும் நடக்கவில்லை. 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவரின் காலம் முடிந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1845 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்து 21 வயது இளைஞர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு. மின்விசையால் இறுக்கப்பட்ட ஒளி ஊடுருவும் பொருளுக்குள் தளவிளைவுற்ற ஒளியை அனுப்பினால் ஏதாவது மாறுமா என்று கேட்டிருந்தார். தாம்சனுக்குக் கணிதம் தலைகீழ்ப் பாடம். ஃபாரடேக்குக் கணிதமே தெரியாது. ஆனால் இரண்டே நாளில் பதில் போட்டார்: அதைத் தான் ஏற்கெனவே தேடிப் பார்த்ததாகவும், கிடைக்கவில்லை என்றும், மறுபடி தேடப்போவதாகவும். 1822-இலும் 1833-இலும் முயன்று தோற்ற வேலை அது. இயற்கையின் விசைகள் எல்லாம் ஒன்றோடொன்று உறவுள்ளவை என்பது அவருக்கு ஒரு கணக்கின் விடை அல்ல, நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை சாண்டிமேனியன் சபையில் போய் உட்காரும் மனிதரின் நம்பிக்கை. மின்சாரமும் காந்தமும் உறவு என்று ஆகிவிட்டது. ஒளி மட்டும் எப்படி அநாதையாக நிற்கும்?

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினார். மின்சாரம் பாயும் கரைசல்களுக்குள் ஒளியை அனுப்பினார். ஒன்றும் இல்லை. நிலைமின்சாரத்தை ஏற்றிப் பார்த்தார். அதிலும் இல்லை. (தாம்சன் கேட்ட அந்த விளைவு உண்மையில் உண்டு. 30 ஆண்டுகள் கழித்து 1875-இல் கிளாஸ்கோவில் ஜான் கெர் அதைக் கண்டார். கெர் யாருடைய மாணவர் என்கிறீர்கள்? தாம்சனுடையவர்.) செப்டம்பர் 13, சனிக்கிழமை, மின்சாரத்தை விட்டுவிட்டுக் காந்தத்துக்குத் தாவினார்.

அமைப்பு எளிமையானது. ஓர் எண்ணெய் விளக்கு. அதன் ஒளி ஒரு கண்ணாடிப் பரப்பில் பட்டுத் தெறித்துத் தளவிளைவு பெறும். மறுகோடியில் கண்ணோடு ஒட்டினாற்போல் திருப்பக்கூடிய நிகோல் பட்டகம். பட்டகத்தை விளக்கின் பிம்பம் அணையும் நிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நடுவே சோதிக்க வேண்டிய பொருளை வைத்து, பக்கத்திலுள்ள மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். இருட்டில் வெளிச்சம் எட்டிப்பார்க்கிறதா?

காற்று. இல்லை. ஃபிளின்ட் கண்ணாடி. இல்லை. குவார்ட்ஸ், கால்சைட், எதிலும் இல்லை. ஒவ்வொன்றையும் துருவங்களை இப்படியும் அப்படியும் மாற்றி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே போனார். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பழைய கண்ணாடித் துண்டை எடுத்தார். ஏறக்குறைய 2 அங்குல நீளம், 1.8 அங்குல அகலம், அரை அங்குலத் தடிமன்.

இந்தத் துண்டுக்காகக் கொஞ்சம் பின்னால் போகத்தான் வேண்டும். 1820-களில் தொலைநோக்கிக் கண்ணாடியில் பவேரியாவின் ஃபிரான்ஹோஃபரோடு போட்டியிட இங்கிலாந்தால் முடியவில்லை. அதற்காக ராயல் சொசைட்டியும் தீர்க்கரேகை வாரியமும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. கண்ணாடியை உருக்குவது ஃபாரடே, அறுத்துத் தேய்ப்பது டாலண்ட், சோதிப்பது ஜான் ஹெர்ஷல். 1827-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டினார்கள். ஈயம், போரிக் அமிலம், சிலிக்கா ஆகியவற்றைப் பிளாட்டினத் தட்டில் உருக்கி, கோடு விழாமல், குமிழி வராமல் ஆறவைக்கும் வேலை. உலையைப் பார்த்துக்கொள்ளப் பீரங்கிப் படையிலிருந்து ஓய்வுபெற்ற சார்ஜென்ட் சார்லஸ் ஆண்டர்சனை வேலைக்கு வைத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் ‘வீட்டுக்குப் போ’ என்று சொல்ல ஃபாரடே மறந்துவிட, விடியும்வரை ஆண்டர்சன் உலைக்கு நெருப்புப் போட்டுக்கொண்டே இருந்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, அந்த மனிதருக்குப் பொருந்தும் கதை.

வருடக்கணக்கில் உழைத்தும் கண்ணாடி தொலைநோக்கிக்கு உதவவில்லை. 1831 ஜூலையில் ஃபாரடே, இந்த வேலையை ஒதுக்கி வைக்க அனுமதி கேட்டு எழுதினார். கை ஒழிந்த இரண்டு மாதத்துக்குள், ஆகஸ்ட் 29-இல், மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இதை வைத்து, கண்ணாடி அவரைச் சிறைவைத்திருந்தது, அந்த வருடங்கள் வீண் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கண்ணாடி 14 வருடம் அலமாரியில் காத்திருந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 13-க்குத் திரும்புவோம். கண்ணாடிக்கு இருபுறமும் எதிரெதிர்த் துருவங்களை வைத்து, ஒளிக்குக் குறுக்கே காந்தப்புலம் பாயும்படி செய்தார். ஒன்றுமில்லை. ஒத்த துருவங்களை வைத்தார். அதுவும் இல்லை. பிறகு எதிரெதிர்த் துருவங்கள் இரண்டையும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில் வைத்தார். இப்போது காந்த விசைக்கோடுகள் ஒளியின் பாதையோடு இணையாக ஓடின. இருண்டிருந்த பட்டகத்தில் விளக்கின் பிம்பம் தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்தினார், அணைந்தது. கொடுத்தார், தெரிந்தது. நோட்டில் அந்த வரியின் முதல் சொல்லான ‘ஆனால்’ என்பதைப் பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறார். தோல்விகளின் நீண்ட பட்டியலுக்குப் பிறகு வந்த ‘ஆனால்’ அது.

பிம்பம் தெரிந்ததற்குக் காரணம் ஒளி கூடியதல்ல. ஒளியின் தளம் கொஞ்சம் திரும்பிவிட்டது. பட்டகத்தையும் அதே அளவு திருப்பினால் பிம்பம் மறுபடி அணைந்தது. டர்பன்டைன் செய்ததை இங்கே காந்தம் செய்தது.

அன்றைக்கு இவ்வளவு போதும் என்று முடித்துக்கொண்டார். தன் காந்தம் பலம் போதாது என்று தெரிந்ததும் வூல்விச்சிலிருந்து இன்னும் பெரிய மின்காந்தம் ஒன்றை இரவல் வாங்கினார். செப்டம்பர் 18-இல் அதைப் பூட்டியதும், ஐந்து நாள் முன்பு கைவிரித்த ஃபிளின்ட் கண்ணாடியும் தலையாட்டியது. தண்ணீர், ஆல்கஹால் என்று வரிசையாகப் பொருள்கள் ஒப்புக்கொண்டன. தண்ணீரின் திருப்பும் திறனை 1 என்று வைத்தால் கல்லுப்புக்கு 2.2, ஃபிளின்ட் கண்ணாடிக்கு 2.8, அவருடைய ஈயக் கண்ணாடிக்கு 6 என்று பட்டியல் போட்டார். அந்தத் தோற்றுப்போன கண்ணாடி கையில் இல்லாதிருந்தால், 13-ஆம் தேதிப் பலவீனமான காந்தத்தோடு நோட்டில் இன்னொரு ‘இல்லை’ ஏறியிருக்கும். வாயுக்களில் மட்டும் அவர் கடைசிவரை எதையும் காணவில்லை. 1879-இல் குண்ட் என்பவரோடு சேர்ந்து அதைக் காட்டியவர்களில் ஒருவர், பின்னாளில் எக்ஸ் கதிரால் பெயர்பெற்ற ரான்ட்ஜன்.

நவம்பர் 20-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. தலைப்பு கொஞ்சம் மிகை: ஒளியைக் காந்தமாக்கியதாகவும், காந்த விசைக்கோடுகளுக்கு ஒளியூட்டியதாகவும் அது அறிவித்தது. பலர் முகம் சுளித்ததால், தலைப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பின்னர் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். சுளித்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காந்தம் நேரடியாக ஒளியைத் தொடவில்லை. கண்ணாடியைத் தொட்டது, கண்ணாடி ஒளியைத் திருப்பியது.

எப்படித் திருப்பியது? தளவிளைவுற்ற ஒளியை, எதிரெதிராகச் சுழலும் இரண்டு ஒளிகளின் கூட்டாகப் பார்க்கலாம் என்று ஃபிரெனெல் 1820-களிலேயே காட்டியிருந்தார். பிராகாரத்தில் கிழக்குக் கோபுரத்தடியில் இருவர் புறப்படுகிறார்கள். ஒருவர் வலம் வருகிறார், மற்றவர் இடமாகப் போகிறார். (இடம் வருவது வழக்கமில்லை, கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) நடை ஒன்றாக இருந்தால் இருவரும் மேற்கில் சந்திப்பார்கள், பிறகு கிழக்கில், மறுபடி மேற்கில். அந்தக் கிழக்கு மேற்குக் கோடுதான் ஒளியின் தளம். ஒருவர் நடை சற்றே தளர்ந்தால் சந்திக்கும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நகரும், கோடு திரும்பும். காந்தப்புலத்தில் பொருளின் எலெக்ட்ரான்கள் வலச்சுழல் ஒளிக்கும் இடச்சுழல் ஒளிக்கும் ஒரே மாதிரி வழிவிடுவதில்லை. அதனால் ஒன்றின் வேகம் குறைந்து தளம் திரும்புகிறது. எவ்வளவு என்பதற்கு 1850-களில் பிரெஞ்சுக்காரர் எமில் வெர்டே விதி வகுத்தார்: புலத்தின் வலிமை, பொருளின் நீளம் இரண்டையும் பெருக்கி, அந்தப் பொருளுக்குரிய மாறிலியாலும் பெருக்க வேண்டும். அந்த மாறிலிக்கு அவர் பெயர். மஞ்சள் சோடிய ஒளியில், 0.1 டெஸ்லா புலத்தில், 5 சென்டிமீட்டர் தண்ணீர் தளத்தைச் சுமார் 1 பாகை திருப்பும். அடங்கிய ஆசாமி.

இப்போது ஓரமாக வைத்த சர்க்கரையை எடுப்போம். சர்க்கரைக் கரைசலுக்குள் ஒளி போய், கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அதே கரைசல் வழியே வந்தால் என்ன ஆகும்? போகும்போது ஏறிய முறுக்கு திரும்பும்போது அவிழ்ந்துவிடும். திருகாணியின் மரையில் ஏறிய எறும்பு அதே மரையில் இறங்கினால், எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனையும் கழிந்துவிடும். காந்தம் போட்ட முறுக்கு அப்படியல்ல. சுழலும் செக்கு உலக்கையில் எறும்பு ஏறினாலும் இறங்கினாலும் உலக்கை ஒரே பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏறும்போது கால் சுற்று, இறங்கும்போது இன்னொரு கால் சுற்று, ஆக அரைச் சுற்று. திரும்பும் திசையை முடிவு செய்வது ஒளி போகும் திசை அல்ல, காந்தப்புலத்தின் திசை. ஃபாரடேக்கு இது உடனே பிடிபட்டது. 1846-இல் கண்ணாடியின் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, ஒளியை உள்ளேயே முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, சிறிய திருப்பத்தைப் பல மடங்காக்கிப் பார்த்தார். அவருக்கு அது ஓர் அளவீட்டு உத்தி. அதற்குள் ஒரு கதவு இருந்தது.

கதவைப் பார்த்தவர் ராலே பிரபு. இரண்டு நிகோல் பட்டகங்களை ஒன்றுக்கொன்று 45 பாகை சாய்த்து நிறுத்தி, நடுவே தளத்தைச் சரியாக 45 பாகை திருப்பும் காந்தப் பொருளை வைத்தால் என்ன? போகும் ஒளி தடையில்லாமல் போகும். திரும்பி வரும் ஒளி இன்னொரு 45 பாகை திரும்பி, மொத்தம் 90 பாகையாகி, முதல் பட்டகத்தில் உண்டியல் துளைக்குக் குறுக்கே நிற்கும் காசாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு! அப்படியானால் இந்தப் பக்கத்துப் பொருள் அந்தப் பக்கத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், திரும்பப் பெறாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்னாவது? 1901-இல் ராலே இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தடுக்கப்பட்ட ஒளி அழிவதில்லை, விலகி வேறு வழியில் போகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் விதி பிழைக்கிறது. அத்தோடு கதவை யாரும் தேடவில்லை. தேவை இருந்தால்தானே தேடுவார்கள்.

தேவை 1960 மே 16-இல் பிறந்தது. கலிபோர்னியாவின் மாலிபுவில் தியடோர் மைமானின் ரூபி லேசர் மின்னிய நாள் அது. லேசரின் கதை தனி அத்தியாயமாக வரும். இங்கே அதன் ஒரு சுபாவம் மட்டும் போதும்: தன் ஒளியே தனக்குள் திரும்பி வருவது லேசருக்கு ஆகாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை அலையவிட்டுப் பெருக்கும் கருவி அது. எதிரே ஒரு லென்ஸோ கண்ணாடி இழையின் முனையோ துளி ஒளியைத் தெறித்து அனுப்பினால், அது மூன்றாவது கண்ணாடி போல் நுழைந்து குழப்பும். ஒளி நடுங்கும், அலைநீளம் தாவும். பலம் வாய்ந்த லேசராக இருந்தால், திரும்பி வந்து பெருகிய ஒளி லேசரையே எரித்துவிடும். தன் குரலைத் தானே கேட்டு ஊளையிடும் திருவிழா மைக் நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதுதான்.

1964-லேயே ராலேயின் கதவை லேசருக்குப் பூட்டிப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் அதை ஃபாரடே ஐசொலேட்டர் என்பார்கள். லேசர் ஒளி இதற்கு லட்டு மாதிரி. ஒரே அலைநீளம், பெரும்பாலும் முன்னமே ஒரே தளம், கோடு கிழித்தாற்போல் நேர்ப்பாதை. ஃபாரடேயின் விளக்கொளியில் வெவ்வேறு நிறம் வெவ்வேறு அளவு திரும்பும், நீலம் அதிகம், சிவப்பு குறைவு. அதனால் பிம்பம் ஒரேயடியாக அணையாமல் நிறம் மாறி மாறித் தெரியும். ஒற்றை நிற லேசரில் அந்தத் தொல்லை இல்லை.

கண்ணாடிக்குப் பதில் இப்போது டெர்பியம் காலியம் கார்னெட் என்ற செயற்கைப் படிகம். நவரத்தினக் கோமேதகம் எந்தக் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே படிக அமைப்பு. ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் புழங்கும் 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு, 1 டெஸ்லா புலத்தில் 2 சென்டிமீட்டர் படிகமே ஏறக்குறைய 45 பாகை திருப்பிவிடும். வூல்விச்சிலிருந்து பெரிய மின்காந்தத்தை இரவல் வாங்கி வர வேண்டியதில்லை. படிகத்தைச் சுற்றி நியோடிமியம் நிலைக்காந்த வளையங்களை அடுக்கினால் போதும், உள்ளங்கையில் அடங்கும் உருளை தயார். நல்ல ஐசொலேட்டர் திரும்பி வரும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே விடாது.

ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ நிலையங்களில், 4 கிலோமீட்டர் நீளக் கைகளுக்குள் லேசர் ஒளி நுழையுமுன் ஒரு ஃபாரடே ஐசொலேட்டரைக் கடக்கிறது. கடலடி இணையக் கேபிள்களில் சில பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும் ஒளிப் பெருக்கிகளிலும் இதே கதவு உண்டு. அங்கே வேலை செய்வது இன்னும் வீரியமான இரும்புக் கார்னெட். அரை மில்லிமீட்டருக்குள்ளேயே 45 பாகை ஆகிவிடும். மின்நிலையங்களில் கதை தலைகீழ். தடித்த மின்கடத்தியைச் சுற்றிக் கண்ணாடி இழையைச் சுருட்டி, உள்ளே லேசரை அனுப்பி, தளம் எவ்வளவு திரும்பியது என்று பார்த்து, ஓடும் மின்சாரத்தைத் தொடாமலே அளக்கிறார்கள்.

இதெல்லாம் பொருள் வழியாக நடப்பது. பொருளே இல்லாத வெற்றிடத்தில் காந்தம் ஒளியைத் தொடுமா? ஃபாரடேயின் தலைப்பு உண்மையாகுமா? 1936-இல் ஹைசன்பர்கும் ஆய்லரும் குவாண்டம் கோட்பாட்டிலிருந்து ஒரு விடை தந்தார்கள்: தொடும், ஆனால் மிக மிக லேசாக. ஒளிக்குக் குறுக்காக நிற்கும் புலத்தில், இரு தளங்களில் ஒளியின் வேகம் மயிரிழையினும் நுண்ணிதாக வேறுபட வேண்டும். இத்தாலியின் ஃபெராரா நகரில், வெற்றிடக் குழாயைச் சுற்றி 2.5 டெஸ்லா காந்தங்களைச் சுழலவிட்டு, உள்ளே லேசரைக் கண்ணாடிகளுக்கிடையே மீண்டும் மீண்டும் ஓடவிட்டு இதைத் தேடினார்கள். 1846-இல் வெள்ளி பூசிய கண்ணாடியில் ஃபாரடே செய்த அதே உத்தி. முன்னோட்டங்களையும் சேர்த்து 25 ஆண்டு உழைப்பை 2020-இல் தொகுத்து வெளியிட்டபோதும், கருவியின் இரைச்சல் கோட்பாடு சொன்ன அளவுக்கு மேலேயே நின்றது. அவர்களுடைய நோட்டில் ‘ஆனால்’ இன்னும் எழுதப்படவில்லை.

லண்டனுக்கே திரும்புவோம். 1862 மார்ச் 12. ஃபாரடேக்கு 70 வயது. மறதி முற்றிவிட்டது. சுடரில் உப்பை எரித்து, அந்தச் சுடரை மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே நிறுத்தி, நிறமாலைக் கருவி வழியே பார்த்தார். பயணத்தின் நடுவில் ஒளியைக் காந்தம் திருப்புகிறது என்றால், ஒளி பிறக்கும் இடத்திலேயே காந்தத்தை வைத்தால்? நிறமாலையின் கோடுகள் அசைகின்றனவா, பிளக்கின்றனவா? துளி மாற்றமும் தெரியவில்லை. அதை நோட்டில் பதிந்தார். பத்தி பத்தியாக எண் போட்டு 1832 முதல் அவர் எழுதிவந்த அந்த நாட்குறிப்பு இந்தப் பதிவோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சோதனை எதுவும் அதில் ஏறவில்லை.

34 ஆண்டுகள் கழித்து, ஹாலந்தின் லைடனில் பீட்டர் சேமான் என்ற இளைஞர், மேக்ஸ்வெல் எழுதிய ஃபாரடேயின் வாழ்க்கைக் குறிப்பில் இந்தக் கடைசித் தோல்வியைப் படித்தார். ஃபாரடேயே பார்க்க நினைத்தார் என்றால் இன்னொரு தடவை பார்ப்பதில் தவறில்லை என்று தோன்றியது அவருக்கு. அவர் கையில், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும், ரோலண்ட் என்பவர் கோடு கிழித்த ஒரு கீற்றணி இருந்தது. உப்பும் அதே உப்புதான்.

(அடுத்த வாரம்: லைடனில் விரிந்த கோடு)